அட்டையின் முதல் கட்டத்தை வலிக்குக் கொடுங்கள்

எலும்பு முறிவு வார்டுகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர்களே, ஆசிரியர்களே,

வணக்கம். நான் 1989இல் ஸ்டாஃப் நர்ஸாக அரசுப் பணியில் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றவள். அதில் 19 ஆண்டுகள் எலும்பு முறிவு வார்டிலேயே போயின. போன மாதம் என் தங்கை வீட்டுக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். இரவுத் துணைக்கு நான் போயிருந்தேன். கட்டில் கம்பியில் தொங்கிய கண்காணிப்பு அட்டையைக் கை தானாக எடுத்தது. நாடி, நிறம், சூடு, வீக்கம், அசைவு, உணர்வு, வலி என்று ஏழு கட்டங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பார்த்த அதே வரிசை. முதல் கட்டத்தில் மணிக்கு மணி ‘உண்டு, உண்டு, உண்டு’ என்று எழுதியிருந்தது. ஏழாவது கட்டம் நள்ளிரவுக்கு மேல் காலியாகக் கிடந்தது.

அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். மாவுக்கட்டுப் போட்ட கைக்கும் காலுக்கும் வலி முதல் கட்டத்தில் வர வேண்டும். நாடி கடைசிக்குப் போகலாம்.

அச்சகத்துக்குச் சொல்லி மாற்றிவிடக்கூடிய சின்ன விஷயம்தானே என்று தோன்றும். நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கும் இரவில் அது சின்ன விஷயம் இல்லை. அட்டையில் எது முதலில் இருக்கிறதோ அதைத்தான் கை முதலில் தேடும். அது சரியாக இருந்துவிட்டால் மனம் பாதி ஆறிவிடும்; மிச்சக் கட்டங்களைப் பேனா நிரப்பிவிடும். என் மனமும் ஓர் இரவு அப்படி ஆறியது.

1994, கோடை விடுமுறை. டெல்டா மாவட்டம் ஒன்றில் பணியில் இருந்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து வந்தான். மாலையில் எலும்பை நேராக்கி, முழங்கையை நன்றாக மடக்கிக் கட்டுப் போட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். பத்து மணிக்கு மணிக்கட்டில் விரல் வைத்தேன். நாடி துள்ளியது. விரல் நுனிகள் வெதுவெதுப்பாக, நல்ல நிறத்தில் இருந்தன. எழுதிவிட்டு நகர்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு அழுதான். வலிக்கு மருந்து கொடுத்தேன். ஒன்றரைக்கு அவன் அம்மா என் மேசைக்கே வந்தார். சுருங்கிக் கிடக்கிற விரலை நீட்டிவிட்டால் உயிர் போவதுபோல் கத்துகிறான் சிஸ்டர் என்றார். நான் எழுந்து போய் மறுபடியும் நாடியைத்தான் பார்த்தேன். இருந்தது. பயத்தில் அழுகிறான், தூங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். டூட்டி டாக்டர் தியேட்டரில் இருந்தார். நாடி நன்றாக இருக்கும்போது என்ன சொல்லி அவரைக் கூப்பிடுவது என்ற தயக்கம் வேறு. நான்கு மணிக்கு அழுகை நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

காலையில் கட்டைப் பிரித்தபோது முன்கை பலகைபோல் இறுகியிருந்தது. அறுவை செய்து கையைக் காப்பாற்றினார்கள். விரல்களின் அசைவைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டு மறுபரிசோதனைக்கு வந்தபோது, விரல்கள் உள்ளே மடங்கிப்போன அந்தக் கையால் நோட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தன் பெயரை எழுதிக் காட்டினான்.

அவன் அம்மா படித்தவர் இல்லை. ஆனால் அந்த இரவில் நோயை முழுதாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். தசை உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்தம் கிடைக்காமல் தசை சாகும் நோய்க்குக் கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்று பெயர். விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி என்பதுதான் அதன் முதல் குரல். அதை அவர் என் காதில் போட்டார். நான் மணிக்கட்டில் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படி மடங்கிப்போகும் கையை ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் 1881இலேயே விவரித்து எழுதிவிட்டார். இறுக்கிக் கட்டிய கட்டின் கீழே தசைக்கு இரத்தம் கிடைக்காமல் போவதால் இது வருகிறது என்பதும் அவர் சொன்னதுதான். அந்தக் கைக்கு இன்றும் அவர் பெயர்தான். 113 ஆண்டுகள் கழித்து என் பொறுப்பில் இருந்த ஒரு குழந்தைக்கு அது வந்தது.

நாடி இருந்துகொண்டே எப்படித் தசை சாகும் என்பதை மாணவிகளுக்கு நான் வாய்க்காலை வைத்துத்தான் விளக்குவேன். வாய்க்காலில் தண்ணீர் கரை புரண்டு ஓடும். ஆனால் மடை அடைத்துக்கொண்டால் பாத்திக்குள் ஒரு சொட்டு ஏறாது. ரோட்டில் நின்று வாய்க்காலை மட்டும் பார்க்கிறவனுக்கு வயல் காய்வது தெரியாது. முன்கையிலும் கெண்டைக்காலிலும் தசைகள் கட்டுக்கட்டாக, இழுத்தாலும் விரியாத சவ்வு உறைகளுக்குள் இருக்கின்றன. எலும்பு முறிந்து உள்ளே இரத்தம் கசிந்து தசை வீங்கும்போது அதற்கு விரிய இடம் இல்லை. வெளியே மாவுக்கட்டும் இருந்தால் இன்னும் இல்லை. உறைக்குள் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்தை நெருங்கும்போதே நுண்குழாய்கள் நசுங்கத் தொடங்கிவிடும். பெரிய தமனியிலோ இரத்தம் 120 அளவு அழுத்தத்தில் பாய்கிறது. அது பாட்டுக்கு மணிக்கட்டு வரை போய்த் துடிக்கும். விரல் நுனியில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரும் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். தசை மட்டும் உள்ளே மூச்சுத் திணறும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் அப்படிப் போனால் அதன் பிறகு மீட்பது அரிது. நாடி மறையும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆசிரியர்களே, நீங்கள் வகுப்பில் ஐந்து அறிகுறி, ஆறு அறிகுறி என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குவதால் பிள்ளைகள் ஒப்பித்துவிடுகிறார்கள். எது முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். வலி, குறிப்பாக விரலை நீட்டும்போது வரும் வலி, முதலில். அடுத்து மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. வெளிறலும், சில்லிடலும், அசைக்க முடியாமையும், நாடி இல்லாமையும் பெரும்பாலும் பின்னால் வருபவை. இந்த வரிசை தெரியாமல் அறிகுறிகளை மட்டும் கற்றவள் 1994இன் நான்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், வார்டில் புதிதாகச் சேரும் பெண்கள் படிக்கட்டும்.

முதலில் இரண்டு கையையும் அல்லது இரண்டு காலையும் போர்வைக்கு வெளியே எடுங்கள். அடிபடாத பக்கத்தைப் பார்க்காமல் அடிபட்ட பக்கத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது. குளிரூட்டிய அறையில் இரண்டு பாதமும் சில்லென்றுதான் இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால்தான் செய்தி. புறங்கையால் முழங்காலிலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தால், சூடு எந்த இடத்தில் குறைகிறது என்று தோலே சொல்லிவிடும்.

வலியைக் கேட்கும்போது ‘வலிக்கிறதா’ என்று கேட்காதீர்கள். எலும்பு முறிந்தவர் இல்லை என்றா சொல்வார்? போன மணியைவிடக் கூடியிருக்கிறதா, மருந்து கொடுத்த பிறகு அடங்கியதா என்று கேளுங்கள். பிறகு விரல்களை நீங்களே மெல்ல நீட்டுங்கள். காலாக இருந்தால் பெருவிரலைக் கீழ்நோக்கி மடக்குங்கள். முன்புறத் தசை இழுபடும். மேல்நோக்கி நிமிர்த்துங்கள், கெண்டையின் ஆழத்தில் இருக்கும் தசை இழுபடும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள், காலை அல்ல. பேசத் தெரியாத குழந்தையிடம் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: பதற்றம், எதற்கும் அடங்காத அழுகை, நேரம் போகப் போகக் கூடிக்கொண்டே போகும் வலி மருந்துத் தேவை. வீம்பு பிடிக்கிறது என்று ஒரு குழந்தையைப் பற்றி யாராவது ரிப்போர்ட் கொடுத்தால், அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் போக வேண்டும். அழுகை திடீரென்று நின்றாலும் போய்ப் பாருங்கள்.

உணர்வைப் பார்க்க ஒரு பஞ்சுத் துணுக்கு போதும். கையில் மூன்று இடம்: ஆள்காட்டி விரலின் நுனி, சுண்டுவிரலின் நுனி, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளம். மூன்றும் மூன்று நரம்புகளின் வீடு. காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள தோலையும் உள்ளங்காலையும் தொடுங்கள். அசைவுக்குக் குழந்தையோடு விளையாடிவிடலாம். கை மூடிக் கல், விரித்துத் தாள், இரண்டு விரல் பிரித்துக் கத்தரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம். நான்கையும் செய்துவிட்டால் கைக்குப் போகும் முக்கிய நரம்புகள் வேலை செய்கின்றன என்று எழுதலாம்.

நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதியவர்களுக்கும் குளிர்ந்த கைக்கும் சற்றுக் கூடுதலாகும். ஆனால் நம் ஊரில் நகத்தில் மருதாணி இருக்கும். ஆழச் சிவந்த மருதாணி நகத்தில் எந்த நிறம் போய் எந்த நிறம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விரல் நுனியின் சதைப் பக்கத்தை அழுத்துங்கள். வெளிறல் என்று பாடநூல் எழுதியிருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் நிறத்தில் அது வெள்ளையாகத் தெரியாது. சாம்பல் பூத்தது போல, பொலிவு செத்தது போலத் தெரியும். அதனால் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்தில், மறு பக்கத்தோடு சேர்த்துவைத்துப் பாருங்கள். மெட்டியும் மோதிரமும் வீக்கம் வருமுன் கழற்றப்பட வேண்டும். மெட்டியைக் கழற்றச் சொன்னால் சில வீடுகளில் முகம் மாறும். கழற்றிக் கணவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

கடைசியாக நாடி. காலின் மேற்புற நாடி சில நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே பிறவியிலேயே கைக்குத் தட்டுப்படாது. உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடியையும் தேடுங்கள். கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் இருட்டில் தடவ வேண்டியதில்லை. நாடி இல்லையென்றால் அது பெரிய ஆபத்து, உடனே ஆள் ஓட வேண்டும். நாடி இருக்கிறது என்பது மட்டும் எதற்கும் நற்சான்று இல்லை.

சந்தேகம் வந்தால் காலைத் தலையணை மேல் தலையணை அடுக்கித் தூக்கி வைப்பது நம் வார்டுகளின் பழக்கம். சாதாரண வீக்கத்துக்கு அது நல்லது. உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்ற சந்தேகம் வந்த பிறகு அது கெடுதல்; மேலே தூக்கினால் ஏறுகிற கொஞ்ச இரத்தமும் குறையும். இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். கட்டைப் பிளப்பதானால் மாவை மட்டும் பிளந்து நிறுத்தக் கூடாது. உள்ளே சுற்றிய பஞ்சு இரத்தத்தில் ஊறிக் காய்ந்து மாவைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கும். தோல் கண்ணில் படும்வரை வெட்ட வேண்டும்.

இன்னோர் இரவையும் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்குப் பல ஆண்டுகள் கழித்து, லாரியில் சுமை ஏற்றும் ஒருவர் காலில் முறிவோடு படுத்திருந்தார். பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி, இவர் மூன்றாவது முறையாக ஊசி கேட்கிறார் சிஸ்டர் என்றாள். கேட்டதோடு நிற்காமல் பெருவிரலை மடக்கியும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நாடி நன்றாகத்தான் இருந்தது. நான் இன்னொரு கட்டிலில் மாட்டிக்கொண்டிருந்ததால் அவளே போன் செய்தாள். நாடி இருக்கிறதா என்று மறுமுனையில் கேட்டார்கள். இருக்கிறது என்றாள். பிறகு எதற்கு எழுப்பினாய் என்று கேட்டார்கள். அவள் போனை வைக்கவில்லை. குரல் நடுங்க, விரலை அசைக்கவிட மாட்டேன் என்கிறார் டாக்டர், வந்து பாருங்கள் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். விடியுமுன் சவ்வு உறையைத் திறந்துவிட்டார்கள். அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். மாணவிக்கோ, மேலதிகாரியைத் தாண்டிப் பேசியதற்காக மறுநாள் காலையில் எல்லோர் முன்னிலையிலும் கண்டிப்பு கிடைத்தது. நான் அவள் பக்கத்தில் நின்று பேசினேன், எடுபடவில்லை. அவள் செய்தது சரி என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

நாடி முதலில் வர வேண்டிய இடங்களும் உண்டு; அவற்றை நான் மறுக்கவில்லை. பாம்பு கடித்து, கயிற்றால் இறுகக் கட்டிய காலோடு கிராமத்திலிருந்து வருகிறார்கள். கயிற்றை அவிழ்க்குமுன் அதன் கீழே நாடி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் அவிழ்க்கக் கூடாது. ஆஞ்சியோகிராம் முடித்து வந்தவருக்கும், துளை போட்ட இடத்துக்குக் கீழே உள்ள நாடிதான் முதல் கேள்வி.

சர்க்கரை நோயாளியின் காலில் நிலைமை மாவுக்கட்டுக் காலுக்கு நேர்மாறு. அங்கே நரம்பு மரத்துப்போய் வலி வாயே திறக்காது. கட்டைவிரல் கறுக்கும்வரை வலிக்கவில்லை என்றே சொல்வார்கள். அந்தக் காலில் வலியை நம்பினால் ஏமாந்துபோவோம். நாடியும் சூடும் தோலும்தான் பேசும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். 1.4க்கு மேலே போனால் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி இறுகியிருக்கிறது என்று பொருள். அந்த எண்ணை வைத்து நிம்மதி அடையக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் கையோடு செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தால் எத்தனையோ கால்கள் மிஞ்சும். ஒரே அட்டை எல்லா நோயாளிக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கண்காணிப்பாளர்களே, உங்களிடம் நான் கேட்பது இவைதான். மாவுக்கட்டு, இழுவைக்கட்டு, புதிதாக அறுவை முடிந்த கை கால்களுக்கென்று தனி அட்டை அச்சிடுங்கள். அதில் முதல் கட்டம் ‘விரலை நீட்டும்போது வலி’ என்று இருக்கட்டும். இரண்டாவது கட்டம் ‘மருந்துக்கு அடங்கியதா’ என்று இருக்கட்டும். நாடி கடைசியில் நிற்கட்டும். ஷிப்ட் மாறும்போது போகிறவளும் வருகிறவளும் ஒன்றாகக் கட்டிலருகே நின்று இரண்டு பேரும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். மேசையில் உட்கார்ந்து நோட்டைப் படித்து ஒப்படைக்கும் வழக்கம் இந்த நோயாளிகளுக்குப் போதாது.

அடுத்தது அதிகாரம். முதல் இரண்டு கட்டமும் மோசமாக இருந்தால், நாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், செவிலியர் நேரடியாக மூத்த அறுவை மருத்துவரை எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு வாங்கிக் கொடுங்கள். மருத்துவர் தியேட்டரில் சிக்கியிருந்தால் கட்டைத் தோல் வரை பிளக்க, பயிற்சி பெற்ற செவிலியருக்கு அனுமதி கொடுங்கள். பிளந்த கட்டை மறுநாள் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இதை மருத்துவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். பயிற்சி மாணவி ஒருத்தி தனியாகப் போனைப் பிடித்துக்கொண்டு போராடக் கூடாது.

கட்டுப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு அம்மாவோ மனைவியோதான் இரவுச் செவிலியர். அவர்கள் கையில் தமிழில் ஒரு சிறு தாள் கொடுங்கள். மருந்துக்கு அடங்காத வலி வந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, விரலை நீட்ட முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். வருகிறவர்களை வாசலில் நிறுத்தி நாளைக்கு ஓ.பி.க்கு வரச் சொல்லக் கூடாது என்று காவலாளி முதல் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் விஷயத்தில், அன்றிரவு காலியாக இருந்த ஏழாவது கட்டத்தைப் பணியில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. ஓடி வந்து போர்வையை விலக்கி இரண்டு பெருவிரலையும் மடக்கிப் பார்த்தாள். அவருக்கு வலி கூடவில்லை. நல்ல கை அது, பதமாகத் தொட்டாள். யாரும் எனக்கு இதைச் செய்யச் சொல்லித்தரவில்லை அம்மா, அட்டையில் இல்லையே என்றாள்.

புதிய அட்டை எப்படி இருக்கலாம் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எந்த வார்டுக்கு அழைத்தாலும் அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ் செலவு என்னுடையது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர்